அனுமதி இல்லை என்கிறது வீட்டுப் பெட்டி

2021 ஜூன் முதல் தேதியோடு கூகல் போட்டோஸின் கணக்கற்ற இலவசச் சேமிப்பு முடிவுக்கு வந்தது. 15 ஜிகாபைட்டைத் தாண்டினால் பணம் கட்ட வேண்டும் என்றார்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது வீட்டுக்குள்ளேயே இருந்து கணினியோடு பழகிப்போன நம்மவர்கள் பலர், ‘மாதா மாதம் கட்டுவதற்குப் பதிலாக ஒரே தடவையில் பெட்டி ஒன்றை வாங்கி வைத்துவிடலாமே’ என்று நினைத்தது அந்தச் சமயத்தில்தான். இன்று எத்தனையோ தாமான் வீடுகளில் இணைய மோடத்துக்குப் பக்கத்தில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு அந்தக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. நாஸ் என்று அதைச் சொல்வார்கள். உள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் இருக்கும். வீட்டிலுள்ள கணினிகள், கைப்பேசிகள், தொலைக்காட்சி எல்லாம் போட்டு எடுக்கும் பொதுக் கிடங்கு அது.

கிள்ளான் வட்டாரத்தில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். இந்தப் பெட்டிக்காக எனக்கு வரும் அழைப்புகள் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் கூடிவிடும். வெளியூரில் படிக்கும் பிள்ளை புது மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்திருப்பான். அக்காவின் கல்யாணக் காணொளியைப் பார்க்கலாம் என்று எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். சொடுக்கினால் ‘ஆக்சஸ் டினைட்’ என்று வரும். “பொட்டி கெட்டுப் போச்சு தம்பி, படமெல்லாம் போச்சு” என்று குரல் நடுங்கப் பேசுவார்கள். போய்ப் பார்த்தால் பெட்டியும் நன்றாக இருக்கும், வன்தட்டும் நன்றாக இருக்கும். வாசலில் நிற்பவர் யார் என்பதில்தான் பெட்டிக்குச் சந்தேகம்.

எனவே முதலில் திரையில் வந்த சொற்களை நிதானமாகப் படியுங்கள். பெட்டியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று வந்தால் அது கம்பி, வைஃபை, மின்சாரம் சார்ந்த கோளாறு. ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் அது ஒரு வகையில் நல்ல சேதி. பெட்டி உயிரோடு இருக்கிறது. நீங்கள் கேட்டது அதன் காதில் விழுந்திருக்கிறது. யோசித்துப் பார்த்து, முடியாது என்று பதிலும் சொல்லியிருக்கிறது. செத்துப்போன வன்தட்டு அப்படிப் பதில் சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பெட்டியை ‘ஃபார்மட்’ செய்து, பத்திரமாக இருந்ததையும் அழித்துக்கொண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அனுமதிச் சிக்கலுக்கு ஃபார்மட் மருந்தே அல்ல.

அடுத்து, பெட்டிக்குள் இரண்டு காவல் உண்டு. ஒரு கொண்டோமினியத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் காவலர் பெயரைப் பதிந்துகொண்டு உள்ளே விடுகிறார். மின்தூக்கியில் ஏறிப் பத்தாவது மாடிக்குப் போனால் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது. கீழே வந்து காவலரிடம் சண்டை போட்டு என்ன பயன்? பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில், ‘இந்தப் பகிர்வுக் கோப்புறையை இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம்’ என்று டிக் போடுகிறோமே, அது நுழைவாயில். அதற்கு உள்ளே ஒவ்வொரு கோப்புறைக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக உரிமையாளர், தனித்தனியாக அனுமதி என்று வேறொரு கணக்கு ஓடுகிறது. அது வீட்டுக் கதவு. இரண்டும் திறந்தால்தான் உள்ளே போக முடியும். ஒன்று தாராளமாகவும் மற்றது கறாராகவும் இருந்தால் கறாராக இருப்பதன் பேச்சுதான் எடுபடும். “எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டேன், இன்னும் ஓப்பன் ஆகமாட்டேங்குது லா” என்று என்னிடம் சொல்லும் பிள்ளைகள் பெரும்பாலும் நுழைவாயிலோடு நின்றுவிட்டவர்கள்.

மூன்றாவது விஷயம்தான் பலருக்கு வியப்பாக இருக்கும். உங்கள் கணக்கின் பெயர் ‘அப்பா’ என்றோ ‘குமார்’ என்றோ இருக்கலாம். வன்தட்டில் அந்தப் பெயர் எழுதப்படுவதில்லை. எண் மட்டுமே எழுதப்படுகிறது. நம் அடையாள அட்டை எண் மாதிரி. ஒரே பெயரில் நாட்டில் ஆயிரம் பேர் இருக்கலாம், எண் ஒருவருக்குத்தான். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள் லினக்ஸில் ஓடுபவை. சாதாரண லினக்ஸ் கணினி பலவற்றில் முதல் பயனருக்கு 1000 என்ற எண் கிடைக்கும். ஆப்பிள் மேக் 501 என்று தொடங்கும். சினாலஜி பெட்டியில் நாம் திறக்கும் முதல் கணக்கு 1026. உரிமையாளர் யார் என்று பெட்டி பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

இப்போது ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். மகனுக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது. மாற்றிக் கொடுத்தால் போதும். அப்பா பொறுமையிழந்து அந்தக் கணக்கையே நீக்கிவிட்டு, அதே பெயரில் புதிதாக ஒன்றைத் திறக்கிறார். பெயர் அதேதான். எண் பெரும்பாலும் வேறாகிவிடும். பழைய எண் போட்ட கோப்புகளெல்லாம் ஆள் இல்லாத சொத்தாகி நிற்கும். புது மகன் போய்க் கேட்டால், ‘நீ யார்?’ என்கிறது பெட்டி. பழைய பெட்டியின் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டும்போதும் இதே கதைதான். வைத்தியம் சிறியது. நிர்வாகி கணக்கில் நுழைந்து, அந்தக் கோப்புறையின் பண்புகளில் உரிமையாளரைப் புது கணக்குக்கு மாற்றி, ‘உள்ளே இருக்கும் அனைத்துக்கும் பொருந்தும்’ என்ற கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். அந்தக் கடைசி டிக்கை விட்டால் வெளிக்கதவு மட்டும் உங்கள் பெயருக்கு வரும், உள்ளறைகள் பழையபடியே பூட்டிக் கிடக்கும்.

நிர்வாகி கணக்குக்குள்ளேயே போக முடியாவிட்டால்? அப்படி ஒரு வீட்டுக்கு ஒரு முறை போனேன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீடு. அவர் தவறி மூன்று மாதம் ஆகியிருந்தது. முப்பது ஆண்டுகளாக எடுத்த பள்ளி விளையாட்டுப் போட்டிகள், ஆண்டு விழா நாடகங்கள், மாணவர்களின் குழுப் படங்கள் என்று எல்லாவற்றையும் கேசட்டிலிருந்தும் ஆல்பத்திலிருந்தும் ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்களும் அதற்குள்தான். மனைவியின் கணக்கில் கோப்புறையின் பெயர் தெரிகிறது, திறக்கவில்லை. நிர்வாகிக் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. ஒரு கடையில் கேட்டிருக்கிறார்கள். பெட்டியைத் துடைத்துப் புதிதாக்குவது ஒன்றே வழி, படங்கள் வேண்டுமென்றால் தரவு மீட்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும், ஆயிரக்கணக்கில் ரிங்கிட் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

நான் முதலில் கேட்ட கேள்வி தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. “அக்கா, அவர் தனியா பூட்டி வச்ச கோப்புறைங்களும் இருக்கு. தொறக்கலாமா?” என்றேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவரு பூட்டினது திருடனுக்குத்தான் தம்பி, எனக்கில்ல. தொறங்க” என்றார்.

பெயர் பெற்ற பெட்டிகள் பலவற்றில் பின்புறம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்குள் இருப்பது மீட்டமைப்புப் பொத்தான். சில விநாடிகள் அழுத்தி, ஒரே ஒரு ‘பீப்’ ஒலி கேட்டதும் கையை எடுத்துவிட்டால் நிர்வாகிக் கடவுச்சொல்லும் இணைய அமைப்பும் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பும். கோப்புகளில் கை வைக்காது. நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால் பெட்டி அதைவிடப் பெரிய மாற்றங்களில் இறங்கிவிடும். எத்தனை விநாடி என்பது ஒவ்வொரு மாடலுக்கும் வேறுபடுகிறது. கையேட்டைப் பார்க்காமல் ஊசியை எடுக்காதீர்கள். அந்த வீட்டில் ஒரு ‘பீப்’ போதுமானதாக இருந்தது. புதுக் கடவுச்சொல் வைத்து உள்ளே போனதும் எந்த அனுமதியையும் மாற்றாமல், முதலில் ஒரு வெளி வன்தட்டை மாட்டி எல்லாவற்றையும் நகல் எடுக்கப் போட்டேன். அது ஓட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

பிறகு அக்காவின் கணக்குக்கு அந்தக் கோப்புறையைப் படிக்கும் அனுமதி கொடுத்தேன். திறக்கவில்லை. உரிமையாளரைச் சரிபார்த்தேன், சரியாக இருந்தது. மீண்டும் ‘அனுமதி இல்லை’. காரணம் ஒரு குழுவில் ஒளிந்திருந்தது. ஆசிரியர் ‘குடும்பம்’ என்று ஒரு குழுவும் ‘விருந்தினர்’ என்று ஒரு குழுவும் வைத்திருந்தார். எந்தக் காலத்திலோ மனைவியின் கணக்கு இரண்டிலும் சேர்ந்துவிட்டது. குடும்பத்துக்கு அனுமதி உண்டு. விருந்தினருக்கு ‘நுழையவே கூடாது’ என்ற தடை. இந்தப் பெட்டிகளில் தடை என்று ஒன்று எங்காவது இருந்துவிட்டால் மற்ற பத்து அனுமதிகளையும் அது மிதித்துவிடும். விருந்தினர் குழுவிலிருந்து அவர் பெயரை எடுத்தேன். கோப்புறை திறந்தது. முதலில் வந்தது ஒரு சாக்கு ஓட்டப் பந்தயக் காணொளி. ஓடுகிற பிள்ளைகளைவிட, படம் பிடித்துக்கொண்டே “ஓடு, ஓடு” என்று கத்தும் அவர் குரல்தான் அதில் கூடுதலாகக் கேட்டது. அக்கா ஒலியைக் கூட்டச் சொன்னார்.

என் அனுபவத்தில், விளங்காத அனுமதி மறுப்புகளில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட மறந்துபோன தடையால்தான் வருகின்றன. ஆகவே ஒருவரைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால் தடை போடாதீர்கள். அனுமதி கொடுக்காமல் விட்டாலே போதும். பலன் ஒன்றுதான், பின்னால் தேடுகிற வேலை மிச்சம்.

அதே வீட்டில் மகளின் மடிக்கணினி வேறொரு வேடிக்கை காட்டியது. அவருக்கும் அனுமதி கொடுத்தாயிற்று. சரியான பெயர், சரியான கடவுச்சொல். உள்ளே விடவில்லை. விண்டோஸ் கணினி ஒரு பெட்டியிடம் ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் பேசாது. எப்போதோ தம்பியின் பெயரில் ஒரு கோப்புறையை அந்தக் கணினியில் இணைத்திருக்கிறார்கள். அதை நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ‘நான் தம்பி’ என்றே அது அறிமுகம் செய்துகொண்டிருந்தது. கண்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ என்ற பகுதியைத் திறந்து, பெட்டியின் பெயரில் சேமித்திருந்ததை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்தால் அது புதிதாகப் பெயர் கேட்கும். அவசரத்துக்கு இன்னொரு குறுக்குவழி உண்டு. பெட்டியைப் பெயரால் அழைப்பதற்குப் பதில் அதன் ஐபி எண்ணால் அழைத்தால் விண்டோஸ் அதை வேறு பெட்டி என்று நினைத்துக்கொள்ளும்.

போன வருடம் திறந்தது இந்த வருடம் திறக்கவில்லை என்பவர்களுக்கும் ஒரு சொல். கடவுச்சொல்லே இல்லாத ‘கெஸ்ட்’ கணக்கில் பெட்டியைத் திறந்துவைத்திருக்கும் வீடுகள் நிறைய. 2024இல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பின் புரோ வகை, அப்படிப்பட்ட பெயரில்லாத விருந்தினர் இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது. பெட்டி மாறவில்லை. கணினி கறாராகிவிட்டது. பதிவேட்டைத் திருத்தி அதைப் பழையபடி ஆக்கச் சொல்லும் ஆலோசனைகள் இணையத்தில் கிடைக்கும். அதைவிட வீட்டில் ஆளுக்கொரு கணக்கு திறந்து கடவுச்சொல் வைப்பது அரை மணி நேர வேலை. நான் அதைத்தான் செய்வேன்.

இதற்கிடையே நடுவில் நின்று மொழிபெயர்க்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். விண்டோஸ் பேசும் எஸ்.எம்.பி. என்ற பேச்சை லினக்ஸுக்குப் புரியவைக்கும் மென்பொருளின் பெயர் சம்பா. ஆஸ்திரேலியாவின் கேன்பராவில் 1990களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதைத் தொடங்கினார். அந்த மூன்று எழுத்துகளும் வரிசையாக வருகிற சொல்லை அகராதியில் தேடி அந்தப் பெயரை வைத்தாராம். பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் அதை வைத்துத்தான் விண்டோஸோடு உறவாடுகின்றன. விண்டோஸின் அனுமதிப் பட்டியல் நீளமானது, நுணுக்கமானது. லினக்ஸின் பழைய முறையோ உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூன்றே அடுக்கு. மொழிபெயர்ப்பில் சில சமயம் நயம் கெடத்தான் செய்யும்.

அந்த மூன்றடுக்கைத் தெரிந்துகொண்டால் ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பலாம். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று மதிப்பெண். மூன்றையும் கூட்டினால் 7. கோப்புறை என்றால் அந்த 1 உள்ளே நுழையும் உரிமையைக் குறிக்கும். அதனால்தான் சில நேரம் உள்ளே இருக்கும் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தும் ஒன்றையும் திறக்க முடியாமல் போகிறது. படிக்கிற 4 இருக்கிறது, நுழைகிற 1 இல்லை. ஆறு அடுக்கு உள்ளே இருக்கும் கோப்பைத் திறக்க வேண்டுமென்றால் வழியில் உள்ள எல்லா அடுக்கிலும் அந்த 1 வேண்டும்.

கணினி தெரிந்த அண்ணன் மகன் வீட்டுக்கு வீடு இருப்பான். அவன் வந்தால் 777 என்று ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போவான். உரிமையாளர், குழு, மற்றவர் எல்லாருக்கும் எல்லாம். உடனே எல்லாம் திறக்கும், அவனுக்கும் நல்ல பெயர். பிணை கேட்கும் நச்சுநிரல் ஒன்று ஒரு பிள்ளையின் மடிக்கணினியில் புகுந்துவிட்டால், அந்தக் கணக்குக்கு எங்கெல்லாம் எழுதும் உரிமை இருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் கோப்புகளைப் பூட்டிவைக்கும். 777 போட்ட பெட்டியில் அது தொடாத இடம் இருக்காது. படிக்க மட்டும் உரிமை உள்ள கோப்புறையில் அதனால் எழுத முடியாது. தொலைக்காட்சிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் எழுதும் உரிமை எதற்கு? சில பெட்டிகளில் இந்த 777 கட்டளை, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அனுமதிப் பட்டியலையும் சேர்த்துத் துடைத்துவிடும். பழைய ஒளிபரப்புப் பெட்டி ஓடவேண்டும் என்பதற்காக எஸ்.எம்.பி.யின் முதல் பதிப்பைத் திறந்துவைக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகைக் கலக்கிய வான்னாக்ரை பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

நகர்த்துவதற்கும் நகலெடுப்பதற்கும் உள்ள வேறுபாடும் கவனிக்க வேண்டியது. உங்கள் சொந்தக் கோப்புறையிலிருந்து பொதுக் கோப்புறைக்கு ஒரு படத்தை நகர்த்தினால் அது பழைய அனுமதியையே சுமந்துகொண்டு போகலாம். நகலெடுத்து ஒட்டினால் போய்ச் சேர்ந்த இடத்தின் அனுமதியை ஏற்கும். நாற்பது படங்களில் ஐந்து மட்டும் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை என்றால் அந்த ஐந்தும் எப்படி அங்கே வந்தன என்று கேளுங்கள்.

எல்லாப் பழியையும் அனுமதியின் மேல் போடவும் முடியாது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்கள் (நானும்தான்) இதைத் தெரிந்துகொள்வது நல்லது. லினக்ஸ் பெட்டியில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடில் நம் எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ‘கா’ என்று எழுதினால் ககரத்துக்கு மூன்று, துணைக்காலுக்கு மூன்று, ஆக ஆறு. 85 குறிகளோடு இடம் முடிந்துவிடும். ‘பெரியப்பா அறுபதாம் கல்யாணம் கோயில் மண்டபத்தில் எடுத்த குடும்பப் படங்கள் இரண்டாம் பகுதி’ என்ற பெயரோடு இன்னும் சில சொற்களைச் சேர்த்து வைத்தால் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும், பெட்டி ஏற்காது. சங்கேதப் பூட்டு போட்ட கோப்புறைகள் சிலவற்றில் எல்லை 143 பைட்டாகச் சுருங்கும். நகல் நடுவில் நின்றால் பெயரைச் சுருக்கிப் பாருங்கள்.

சங்கேதப் பூட்டு என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன வழிகள் எதுவும் அதற்குப் பலிக்காது. அதன் சாவிச்சொல் போனால் நிர்வாகியாலும் திறக்க முடியாது, என்னாலும் முடியாது. அந்த ஆசிரியர் வீட்டில் அது இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

ஊழியர் சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதிக் கொடுக்கிறோம். பெட்டிக்கு அப்படி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. வீட்டில் இன்னொருவருக்கும் நிர்வாகி கணக்கு ஒன்று திறந்து கொடுங்கள். அவர் அதைத் தினமும் பயன்படுத்த வேண்டியதில்லை, ஒரு முறை நுழைந்து பார்த்திருந்தால் போதும். பெட்டியின் மாடல் எண், ஐபி முகவரி, நிர்வாகியின் பெயர், கடவுச்சொல், சங்கேதப் பூட்டு இருந்தால் அதன் சாவிச்சொல், மீட்டமைப்புப் பொத்தானை எத்தனை விநாடி அழுத்த வேண்டும் என்பது, இவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே உறையில் வையுங்கள். பென்சிலால் எழுதினால் நல்லது. கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுவீர்கள் அல்லவா?